பச்சை மரத்தவளைக்கு வீடு: எந்தத் தொட்டி, எந்தத் தரை, எந்தத் தண்ணீர்?

பச்சை மரத்தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடைகளின் உட்பக்கத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் படியவைத்து உட்காரும். உடம்புக்கு வேண்டிய நீர் அந்த வழியாகவே உள்ளே போய்விடும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் தொட்டிக்குள் அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அதில் கரைந்திருப்பதெல்லாம் அதன் உடம்புக்குள் போகிறது: தரையில் உப்பு இருந்தால் உப்பு, கிண்ணத்தில் கழிவு கலந்திருந்தால் அம்மோனியா, கண்ணாடியைத் துடைத்த சோப்பு மிச்சமிருந்தால் சோப்பு.

தொட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். கடையில் காட்சிக்கு வைக்கும் தொட்டிகள் குட்டிக் காடுபோல அழகாக இருக்கும். அருவி விழும், புகைபோல மூடுபனி எழும், அடியில் கூழாங்கல் மின்னும். அவற்றில் எவை அந்தத் தோலுக்கு நல்லவை, எவை நம் கண்ணுக்கு மட்டும் நல்லவை என்று பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் செலவு குறையும், தவளையும் நீண்ட நாள் இருக்கும்.

நான் பேசுவது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையைப் பற்றி. நாங்கள் வாழும் இந்த நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும், நியூ கினியின் தெற்கிலும் இயற்கையாக வாழ்வது. வளர்ந்தது 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய தவளை, அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பதைத் தொட்டிக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தவளை வளர்க்க உரிமம் வேண்டும். தோட்டத்தில் கண்டதைப் பிடித்துவந்து வளர்க்கக் கூடாது. உரிமம் உள்ளவரிடம், கூண்டிலேயே பிறந்ததை வாங்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. குவீன்ஸ்லாந்திலிருந்து சிட்னிக்கு வரும் வாழைப்பழப் பெட்டிகளில் ஒளிந்து தவளைகள் வந்துவிடுகின்றன. நோய் பரவும் என்பதால் அவற்றைத் திரும்பக் காட்டில் விட முடியாது. இங்குள்ள தவளை ஆர்வலர் சங்கமான ‘ஃபாட்ஸ்’ அவற்றைத் தனிமையில் வைத்துப் பார்த்து, உரிமம் உள்ள உறுப்பினர்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. முதல் தவளைக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் நம் மரத்தவளை அங்கேயே நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

தொட்டி

மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள்: பழைய மீன்தொட்டி, வலைக் கூண்டு, முன்பக்கம் கதவு திறக்கும் கண்ணாடித் தொட்டி.

மீன்தொட்டியின் ஒரே பெருமை விலை. பலர் வீட்டில் கார் ஷெட்டிலேயே ஒன்று கிடக்கும். ஆனால் அது நீளவாக்கில் படுத்திருப்பது, மரத்தவளைக்கோ ஏறுவதற்கு உயரம் வேண்டும். மூடியை எடுத்து மேலிருந்து கையை விடும்போதெல்லாம், பறவை பாய்கிறது என்று அது பதறி ஒடுங்கும். இதைவிடப் பெரிய குறை காற்று. நான்கு பக்கமும் அடைத்த கண்ணாடிக்குள் ஈரக்காற்று அடியில் தேங்கி நிற்கும், அங்கே பாக்டீரியா பெருகும். தொட்டியை நிமிர்த்திவைத்து, திறந்த வாய்க்கு வலைக்கதவு பொருத்திக்கொள்கிறவர்கள் உண்டு. கைவேலை தெரிந்தால் அது நல்ல சிக்கனம்.

வலைக் கூண்டில் காற்றோட்டத்துக்குக் குறையே இல்லை. வெப்பமான வடக்கு ஊர்களான டார்வினிலோ கெயின்ஸிலோ இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். சிட்னி குளிர்காலத்தில் அறைக்குள் ஹீட்டர் ஓடும்போது தெளித்த ஈரம் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். இரவில் துள்ளும் தவளை கம்பிவலையில் மூக்கை உரசிப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு.

முன்கதவுத் தொட்டியில் கதவுக்குக் கீழே ஒரு காற்றுப்பட்டை இருக்கும், மேலே வலைமூடி இருக்கும். உள்ளே சூடாகும் காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். ஈரமும் நிற்கும், தேக்கமும் இருக்காது. இந்த ஒரு அமைப்புக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம். 45 சென்டிமீட்டர் அகலம், 45 ஆழம், 60 உயரம் என்பது இரண்டு வளர்ந்த தவளைகளுக்குக் குறைந்தபட்சம். இடமும் பணமும் இருந்தால் 60 அகலமே மேல். இரண்டையும் ஒரே தொட்டியில் விடும்போது உருவம் ஒத்திருக்கட்டும். வாய்க்கு அடங்குவதையெல்லாம் இது விழுங்கப் பார்க்கும், கூட இருக்கும் சின்னத் தவளை உட்பட.

எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். கொசுவர்த்தியிலும் கொசு விரட்டும் மின்குப்பிகளிலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்து தவளைக்கு நஞ்சு. அவற்றைப் பயன்படுத்தும் அறையில் தொட்டி கூடாது. சாம்பிராணி போடும் பூசை அறை, தாளிக்கும் அடுப்படி இரண்டும் வேண்டாம். படுக்கையறையும் வேண்டாம் என்பேன். ஆண் தவளை மழை வாசனை பிடித்த இரவில் கத்தத் தொடங்கினால் அந்த அறையில் யாரும் தூங்க முடியாது.

தரை

வாங்கும்போது அதிகம் குழம்புவதும் இங்கேதான், பிறகு அதிகம் கெட்டுப்போவதும் இங்கேதான்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். கூழாங்கல்லும் சரளையும் வேண்டவே வேண்டாம். இரையைப் பாய்ந்து கவ்வும்போது கல்லும் வாய்க்குள் போகும், குடலில் அடைத்துக்கொள்ளும். கழிவு கல்லிடுக்கில் இறங்கி மறைந்துவிடும். மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் அடியில் நாறிக்கொண்டிருக்கும்.

கிச்சன் டவல் எனப்படும் சமையலறைத் தாள் பார்க்க ஏழையாக இருக்கும். ஆனால் புதிதாக வந்த தவளைக்கு அதற்கு இணை இல்லை. எச்சம் எப்போது விழுந்தது, எப்படி இருந்தது, புழு தெரிகிறதா என்பதெல்லாம் வெள்ளைத்தாளில் உடனே தெரியும். எடுத்து மருத்துவரிடம் காட்டவும் முடியும். வாசனையோ லோஷனோ அச்சிட்ட படமோ இல்லாத தாளாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியதோ தத்தெடுத்ததோ, முதல் ஒன்றிரண்டு மாதம் தாள் விரித்த எளிய தொட்டியிலேயே இருக்கட்டும். 4, 5 சென்டிமீட்டர்கூட வளராத குட்டிகளுக்கும் தாள்தான் பாதுகாப்பு, விழுங்குவதற்கு ஒன்றும் இல்லை. இதன் குறை உழைப்பு. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ஒவ்வொரு முறையும் தவளையைக் கலைத்தாக வேண்டும். 20 ஆண்டு வாழும் உயிருக்கு இதையே நிரந்தர வீடாக வைப்பது எனக்கு மனம் ஒப்பாத விஷயம்.

அடுத்தது தேங்காய் நார்த்தூள். கோகோபீட் என்று கட்டியாக விற்பது. உலகச் சந்தையில் இதைப் பெரிய அளவில் அனுப்புவது இந்தியாவும் இலங்கையும்தான். சிட்னி கடையில் வாங்கும் கட்டி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கும், எளிதில் அழுகாது, விலையும் குறைவு. ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. சரியாகக் கழுவாத தூளில் உப்பு நிற்கும். உப்பு ஈரத்தில் உட்கார்ந்த தவளையின் உடம்பிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும். தோட்டக்கடையில் கிடைக்கும் கட்டிகளில் இன்னொரு சிக்கல். செடிகளுக்காக அந்த உப்பை வெளியேற்ற, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். சிலவற்றில் உரமும் சேர்த்திருக்கும். செடிக்கு அது நல்லது, தவளைக்கு ஆகாது.

கழுவியது, உரம் சேர்க்காதது என்று உறையில் தெளிவாகப் போட்டிருக்கும் கட்டியை வாங்கி, வீட்டில் மறுபடியும் ஊறவைத்துப் பிழியுங்கள். ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும், நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் பிழிந்த நீரில் வைத்துப் பாருங்கள். குழாய்நீரின் அளவுக்கு அருகில் வரும்வரை அலசுவது நல்லது. பிறகு கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

மூன்றாவது இப்போது எல்லோரும் பேசும் ‘பயோஆக்டிவ்’ தரை. அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலைத்துணி, மேலே மண்ணும் நார்த்தூளும் சருகும் கலந்த அடுக்கு. அதற்குள் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்பூச்சிகளையும் ஐசோபாடு என்ற மரப்பேன்களையும் விடுவார்கள். பூஞ்சையையும் கழிவையும் அவை தின்று மண்ணாக்கும். சுத்தம் செய்யவே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள்.

அந்த வாக்குறுதி தென்னமெரிக்க நச்சுத்தவளைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். மிகச் சின்னதாக இருக்கும் அவை பழ ஈக்களைத் தின்று கடுகளவு எச்சமிடும். நம் பச்சை மரத்தவளை கரப்பானை முழுதாக விழுங்கும் விலங்கு. அதன் எச்சம் விரல் பருமன் இருக்கும். இரண்டு தவளைகள் போடுவதை அந்தப் பூச்சிக் கூட்டம் தின்று முடிப்பதற்குள் அடுத்தது விழுந்துவிடும். முழுக்க நம்பி விட்டுவிட்டால் சில மாதங்களில் மண்ணிலிருந்து அம்மோனியா வாடை வரும். அந்த வாடை நம் மூக்குக்கு எட்டுவதற்கு வெகு முன்பே தவளையின் தோலுக்கு எட்டியிருக்கும்.

ஆகவே என் தேர்வு வெறும் நார்த்தூளுக்கும் பயோஆக்டிவ் தரைக்கும் நடுவில் நிற்பது. வடிகால் அடுக்கு வேண்டும், கழுவிய நார்த்தூள் வேண்டும், ஸ்பிரிங்டெயிலும் இருக்கட்டும், அவை சின்ன மிச்சங்களையும் பூஞ்சையையும் பார்த்துக்கொள்ளும். பெரிய எச்சத்தைத் தினமும் ஸ்பூனால் அள்ளி எடுப்பது உங்கள் வேலை. வடிகாலில் தேங்கும் நீரைக் குழாய்விட்டு அவ்வப்போது உறிஞ்சி வெளியேற்றுங்கள். நல்ல நிலையில் இருக்கும் தொட்டியைத் திறந்தால் மழை பெய்த மண்வாசனை தவிர வேறொன்றும் வரக்கூடாது.

செடியில் நாசூக்கானவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தத் தவளை கனமானது, இலைமேல் குதித்தே ஒடித்துவிடும். மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, தடித்த இலையுள்ள பிரோமிலியாட் தாங்கும். நர்சரியிலிருந்து வந்ததும் பழைய மண்ணை முழுதும் கழுவி, பூச்சிமருந்தின் மிச்சம் போகச் சில வாரம் தனியே வைத்திருந்து பிறகு நடுங்கள். தாள் விரித்த தொட்டிக்கு பிளாஸ்டிக் செடி போதும், கழற்றிக் கழுவ வசதி.

தண்ணீர்

அகலமான, ஆழமில்லாத கிண்ணம் ஒன்று. தவளை உட்கார்ந்தால் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர். தினமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் அதற்குள்ளேயே கழிக்கும். இதற்குப் போட்டியாகக் கடைகள் காட்டுவது மோட்டார் வைத்த அருவி. அருவியில் ஓடுவது அதே தண்ணீர்தான், அதே கழிவு சுற்றிச்சுற்றி வருகிறது, குழாய்க்குள் வழவழப்பு படிகிறது, கழுவவும் எளிதில்லை. பேச்சுக்கே இடமின்றிக் கிண்ணம்தான்.

பழைய மீன் வளர்ப்பாளர்கள் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். அது குளோரினுக்கு உண்மை. சிட்னியின் பல பகுதிகளுக்கு வரும் குழாய்நீரில் இருப்பது குளோரமைன், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது வாளியில் வைத்தால் போகாது. அக்குவேரியம் கடையில் கிடைக்கும், தண்ணீரில் கலக்கும் கண்டிஷனரில் குளோரமைனையும் நீக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சில துளிகளில் முடிகிற வேலை. காய்ச்சி வடித்த நீர் தெளிப்பதற்கு நல்லது, கண்ணாடியில் கறை விழாது. கிண்ணத்துக்கு அது வேண்டாம், தாது உப்புகள் உள்ள குழாய்நீரே தவளைக்கு ஏற்றது.

ஈரப்பதம் என்றதும் நேரம் வைத்துத் தெளிக்கும் இயந்திரத்தைப் பரிந்துரைப்பார்கள். மழைக்காட்டுத் தவளைக்கு அது சரி. பச்சை மரத்தவளையின் ஊரில் மாதக்கணக்கில் மழை இல்லாத காலமும் உண்டு. பகலில் 50 முதல் 60 சதவீதம் அதற்குப் போதும், மாலை தெளித்ததும் சற்று ஏறி, மறுநாள் நண்பகலுக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். எந்நேரமும் நனைந்தே இருந்தால் தோலில் பாக்டீரியாத் தொற்று வரும். கைத்தெளிப்பானும் ஒரு டிஜிட்டல் ஈரமானியும் சேர்ந்தால் செலவும் சொற்பம், ஒவ்வொரு மாலையும் தொட்டியை ஒருமுறை உற்றுப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடும்.

சூடும் வெளிச்சமும்

சிட்னி வீடுகளில் குளிர்காலமான ஜூலையில் இரவு அறைக்குள்ளேயே 15 டிகிரிக்குக் கீழே போகும். தொட்டியில் பகலில் 24 முதல் 29 டிகிரி, இரவில் 18 முதல் 22 என்பது நல்ல இலக்கு. இதற்கு ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பா, மேலிருந்து சூடு தரும் விளக்கா? மேட்டை அடியில் வைத்தால் மண் வறண்டு, ஈரம் ஆவியாகி, கழிவு வெந்து நாறும். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டலாம், ஆனால் காற்றை அது அதிகம் சூடாக்காது. நான் மேலிருந்து வரும் சூட்டின் பக்கம். ஒரு மூலையில் மட்டும் 30 டிகிரி அளவுக்கு ஒரு கிளை சூடாக இருக்கட்டும், மற்ற மூலை குளிர்ந்திருக்கட்டும். விளக்கு வலைமூடிக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் தவளை அதில் ஒட்டிக்கொண்டு வெந்துவிடும். எதை வாங்கினாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வாங்காதீர்கள்.

அந்தச் சூடான மூலை வெறும் சொகுசு இல்லை. உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரை செழிக்கும், அதற்குமேல் தளரும். 2024-ல் சிட்னி மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துளையுள்ள செங்கற்களைச் சின்னப் பசுமைக்குடிலுக்குள் அடுக்கிவைத்து, நோயுற்ற பச்சைப்பொன் மணித்தவளைகள் அங்கே போய்ச் சூடேறித் தாமே தொற்றிலிருந்து மீள்வதைக் காட்டினார்கள். சூட்டைத் தானே தேர்ந்துகொள்ள இடம் கொடுத்தால் தவளை அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

யுவிபி என்ற புறஊதாக் கதிர் தரும் விளக்கு தேவையா என்பதில் முன்பு இரண்டு கட்சி இருந்தது. இந்தத் தவளை பகலில் வெளிச்சமான இடத்திலேயே தூங்குவதைப் பார்க்கலாம், அதனால் மென்மையான யுவிபி குழல்விளக்கு இருப்பது நல்லது, ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும். விளக்கு இருந்தாலும் இரையில் கால்சியம் பொடி தூவுவதை நிறுத்தக் கூடாது. வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை இரை போதும். கிரிக்கெட் பூச்சியைவிட ‘உட்டி’ என்று விற்கும் கரப்பான் வகை எனக்கு உசத்தி: சத்தம் போடாது, எளிதில் சாகாது. தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சி இரவில் தவளையின் தோலைக் கடிக்கும், அதை அள்ளிவிடுங்கள். கண்ணுக்குமேல் சதை மடிந்து தொங்கத் தொடங்கினால் இரையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

ஊருக்குப் போகும்போது

நம் குடும்பங்களுக்கு இந்த முடிவில் வேறொரு கணக்கும் உண்டு, கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார். டிசம்பர் விடுமுறையில் நாம் ஒரு மாதம் ஊருக்குப் போவோம். சிட்னியில் அதுவே உச்சக் கோடை. 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்குப் பகுதியான பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. பூட்டிய வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்துத்தான் எதையும் வாங்க வேண்டும்.

தாள் விரித்த தொட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்றுவிட்ட நாள் தவளையைத் தூக்கித் தாள் மாற்றச் சொல்ல வேண்டும், பலருக்குத் தொடவே கூசும். தொடத் துணிந்தாலும் கையில் சன்ஸ்கிரீனோ கொசுமருந்தோ இருந்தால் அது தோல்வழியே உள்ளே போகும். தானியங்கித் தெளிப்பானை நம்பிப் போனால், அதன் தொட்டி காலியானதை யாரும் கவனிக்க மாட்டார்கள். வடிகாலும் நார்த்தூளும் செடியும் உள்ள நடுவழித் தொட்டி இங்கே மறுபடி முந்துகிறது. எச்சம் ஓரிரு நாள் கிடந்தாலும் தாங்கும், கிண்ணத்தை எடுத்துக் கழுவி நிரப்பினால் பாதி வேலை முடிந்தது.

போகும்முன் கண்டிஷனரை அளந்து கலந்த நீரைக் கேன்களில் நிரப்பிவைத்து, சோப்புப் போடாமல் கிண்ணத்தைக் கழுவச் சொல்லுங்கள். இரை வாரம் இரண்டு முறை போதும் என்று எழுதி ஒட்டுங்கள். 38 டிகிரிக்கு மேல் வெயில் என்று அறிவிப்பு வந்தால் சூட்டு விளக்கை அணைத்துவிட்டு ஏ.சி.யை 26-ல் போடச் சொல்லுங்கள். வீட்டில் ஏ.சி. இல்லையென்றால் தவளையைக் காற்றுத்துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தாளும் சின்னக் கிண்ணமும் வைத்து, தரைத்தளத்தில் இருக்கும் குளிர்ந்த அறைக்கு மாற்றலாம்.

கழுவிய தண்ணீரையும் பழைய மண்ணையும் தோட்டத்திலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டக் கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். 2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியா முழுவதும் தவளைகள் கூட்டமாகச் செத்தன. செத்தவற்றில் பச்சை மரத்தவளைகள் ஏராளம், பலவற்றில் கைட்ரிட் பூஞ்சை இருந்தது. கிண்ணத்து நீர் கழிவறைக்குள் போகட்டும், மண் இரட்டைப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டிக்குப் போகட்டும்.